மூன்று மீட்டர், ஒரே மொட்டை மாடி: வீடு கேள்வி - பதில்

வீட்டின் விலை, வாடகை, கரண்ட் பில் என்று தனித்தனியாக எழுதிக் கேட்டாலும், இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: தனியாகக் கட்டுப்படியாகாததைச் சேர்ந்து சமாளிப்பது எப்படி, கட்டிய பிறகு மாதாமாதம் கையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி. பதில் சொல்பவர்கள் கட்டுமானம், மின்சாரம், பத்திரம் ஆகிய மூன்று துறைக்காரர்கள்.

அப்பா விட்டுப்போன அரை கிரவுண்டு மனை இருக்கிறது. அண்ணன், நான், தங்கை என்று மூவர். அம்மாவும் இருக்கிறார். தனியாக ஃப்ளாட் வாங்க யாருக்கும் வசதியில்லை. மூன்று தளம் எழுப்பி ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள நினைக்கிறோம். பின்னால் சண்டை வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? (அம்பத்தூர் வாசகர்)

முதலில் பங்குதாரர்களைச் சரியாக எண்ணுங்கள். நீங்கள் மூவர் அல்ல, நால்வர். மனை அப்பா சுயமாகச் சம்பாதித்தது, உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் ஐவர். தங்கைக்குக் கல்யாணத்தில் போட்ட நகையும் சீரும் இந்தக் கணக்கில் கழியாது. அவர் கையெழுத்து இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது.

வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பட்டா பெயர் மாற்றம் என்ற வரிசையில் போங்கள். அம்மா தன் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தால் விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்டோ பதியலாம். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்குக் கிரயத்தைப் போல முத்திரைத் தீர்வை கிடையாது. மிகக் குறைவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. அம்மாவுக்கு ஆயுள் முழுவதும் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உரிமை என்று அதே பத்திரத்தில் ஒரு வரி இருக்கட்டும். எழுதாமல் விட்டு, பிறகு வருந்திய வீடுகள் நிறைய.

நிலத்தைக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். 1,200 சதுர அடியை மூன்றாக்கினால் ஆளுக்கு 400. அதில் தனித்தனியாக வரைபட அனுமதி வாங்குவதே பெரும்பாடு. நிலம் பிரிபடாத பங்காக ஆளுக்கு மூன்றில் ஒன்று, கட்டடத்தில் இன்னின்ன தளம் இன்னார்க்கு என்று எழுதிப் பதிவதுதான் முறை.

2,500 சதுர அடி வரையிலான மனைக்கு 2024-இல் வந்த சுயசான்று அனுமதி உங்களுக்குப் பொருந்தாது. அது தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட, 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீட்டுக்கானது. நீங்கள் வழக்கமான வரைபட அனுமதிக்குத்தான் போக வேண்டும். தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்பதால் காகிதத்தில் 2,400 சதுர அடி கட்டலாம். 30-க்கு 40 மனையில் முன்னும் பின்னும் பக்கமும் இடைவெளி விட்ட பிறகு, தளத்துக்கு 650 முதல் 700 சதுர அடிதான் மிஞ்சும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அது தாராளம்.

மூன்றாம் தளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாலும் அஸ்திவாரத்தையும் தூண்களையும் மூன்று தளத்துக்கே கணக்கிடச் சொல்லுங்கள். மேலே நீட்டிவைக்கும் கம்பி அதன் விட்டத்தைப் போல 50 மடங்காவது இருக்க வேண்டும். 16 மி.மீ. கம்பி என்றால் 800 மி.மீ., அதாவது இரண்டே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. அதை வெறுமனே வெயிலிலும் மழையிலும் விட்டால் மூன்று வருடத்தில் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். சிமென்ட் பால் பூசி, சுற்றிலும் இளக்கமான கான்கிரீட்டால் மூடிவையுங்கள். மாடி எழுப்பும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

சண்டை வரும் இடங்கள் தண்ணீர், மீட்டர், மொட்டை மாடி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தரக் கணக்கு. மூன்று குடும்பத்தில் 14, 15 பேர் என்றால் நாளுக்கு 2,000 லிட்டர். தொட்டி குறைந்தது மூன்று நாளுக்கு, 6,000 லிட்டர் இருக்கட்டும். மேலே ஒரே பெரிய டேங்க் வைக்காதீர்கள். 1,000 லிட்டரில் மூன்று தனி டேங்க், மூன்று தனி இறங்கு குழாய், மோட்டார் மட்டும் ஒன்று. ஒரே டேங்க் என்றால் கீழ்த்தளத்தில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தால்கூட மேல்தளத்துக்குக் குளிக்கத் தண்ணீர் இருக்காது. டேங்குகளை மொட்டை மாடித் தரையிலேயே உட்கார வைத்தால் மேல்தளத்து ஷவரில் தண்ணீர் அழும். ஆறேழு அடி உயர மேடை வேண்டும்.

மின் இணைப்பு மூன்று தளத்துக்கும் தனித்தனி. அப்போதுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கும். மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் நான்காவதாக ஒரு பொது இணைப்பு. 10 வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு இந்தப் பொது இணைப்பின் கட்டணத்தை 2023 நவம்பரில் யூனிட்டுக்கு ரூ.8.15-இலிருந்து ரூ.5.50 ஆகக் குறைத்தார்கள். அம்மாவுக்காக லிஃப்ட் போட யோசித்தால் இந்தச் சலுகை போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அம்மா கீழ்த்தளத்தில் இருப்பதே சிக்கனம்.

மொட்டை மாடி மூவருக்கும் பொது. அதன் நீர்க்கசிவுச் செலவும் வெப்பத்தடுப்புச் செலவும் மூவருக்கும் பொது. இதைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால், வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டு கீழே இருவருக்கும் நிழல் தருபவர் தன் கைக்காசில் கூரையைச் சரிசெய்துகொண்டிருப்பார். யாராவது விற்க நேர்ந்தால் மற்ற இருவருக்கும் முதல் உரிமை, விலை இரண்டு மதிப்பீட்டாளர்களின் சராசரி, 90 நாள் அவகாசம். இந்த மூன்று வரியும் இருக்கட்டும்.

கடன் வாங்கும்போது ஒரே வங்கியில் வாங்குங்கள். சொத்து பிரிபடாதது என்பதால் ஒருவர் கடனுக்கும் மற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டிவரும். ஒருவர் தவணை தவறினால் நோட்டீஸ் மூன்று வீட்டுக்கும் வரும். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் சேர்ந்து கட்டாதீர்கள்.

மேல் மாடி ஃப்ளாட். இரவு பத்து மணிக்கும் கூரை அனல் அடிக்கிறது. இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஓடுகிறது. இன்னொரு ஏசி வாங்கலாமா, கூரைக்கு ஏதாவது செய்யலாமா? (மேற்கு தாம்பரம் வாசகி)

ஏசி வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, உள்கூரையைக் கையால் தொட்டுப் பாருங்கள். உடம்புச் சூட்டைவிடச் சூடாக இருக்கும். ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கப்போகும் நேரத்தில் உள்ளே கக்குகிறது. ஏசி அந்தக் கான்கிரீட்டைத்தான் குளிர்விக்கப் போராடுகிறது.

மலிவான வழி சுண்ணாம்பு. 500 சதுர அடி மாடிக்கு 10 கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பை 30 லிட்டர் தண்ணீரில் முதல் நாள் இரவே ஊறப்போட்டு (கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி வேண்டாம், கண்ணில் படாமல் பாருங்கள்), மறுநாள் துணியில் வடிகட்டி, ஒரு கிலோ வெள்ளைப் பசை கலந்து இரண்டு பூச்சு. இரண்டாவது பூச்சு முதலாவதற்குக் குறுக்காக ஓடட்டும். மாலையில் பூசுங்கள். உச்சி வெயிலில் பூசினால் பிடிப்பதற்குள் காய்ந்து, மறுநாள் காலில் மாவாக ஒட்டும். ஒரு மழைக்காலம் முடிந்தால் பாதி போய்விடும், வருடா வருடம் தையிலோ மாசியிலோ மறுபடி பூச வேண்டும். செலவு அதிகமில்லை, வேலைதான்.

குளிர்கூரைப் பெயின்ட் என்றால் 500 சதுர அடிக்கு இரண்டு பூச்சுக்கு 20 முதல் 25 லிட்டர் பிடிக்கும். ஒரே வாளியில் ஆயிரம் சதுர அடி முடித்துத் தருகிறேன் என்பவர் தண்ணீர் கலக்கப் போகிறார். வாளியில் எஸ்.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள் (வெயிலைத் திருப்பியனுப்பும் திறனின் அளவு), 100-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வெறும் வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷனைக் காட்டி ஏமாற்றுவதும் நடக்கிறது.

எதைப் பூசினாலும் முன்வேலைதான் முக்கியம். தண்ணீர்த் தூம்புகளை அடைத்து ஓரங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் முதலில் கசிவைச் சரிசெய்ய வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய பெயின்ட் அப்பளம்போல் உப்பும். பிறகு பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, விரிசலை 'வி' வடிவில் கொத்தி பாலிமர் கலவையால் அடைத்து, அதன் பிறகுதான் பிரஷ். தூசி படிந்தால் வெள்ளையின் பலன் குறையும். மாதம் ஒரு முறை கழுவுங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் நீர்த்தடுப்புப் பூச்சுக்கு மேல் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை (நுரைபோன்ற வெப்பத்தடுப்புப் பலகை) பதித்து, அதன் மேல் சல்லிக் கலவையும் தட்டோடும். வெறும் கான்கிரீட் கூரையின் வெப்பக் கடத்தல் அளவு சுமார் 3.5 என்றால் இது அதை 0.6-க்குக் கொண்டுவரும். 2018-இல் மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட எரிசக்தி விதித்தொகுப்பின் வரம்பு 1.2. இதில் தவறு நடக்கும் இடம் மட்டம். தளம் மூன்று நான்கு அங்குலம் உயர்வதால் மாடிப்படிக் கதவின் வாசற்படி தாழ்ந்து மழைத்தண்ணீர் உள்ளே வரும், தூம்பின் வாய் புதைந்துபோகும், கைப்பிடிச் சுவரும் உயரம் குறையும். இந்த மூன்றையும் முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் சொந்தமான பொது இடம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் பொதுப் பகுதிகளை அப்படித்தான் பார்க்கிறது. சங்கத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். தானாகப் போய்ப் பூசிவிட்டு காசு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

இனி 560 யூனிட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம், 60 நாள் ஓடினால் 67 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 28 வாட், அதே ஓட்டத்துக்கு 25 யூனிட். மூன்று ஃபேன் மாற்றினால் சுமார் 127 யூனிட் குறைந்து 433-க்கு வந்துவிடுவீர்கள். 500-ஐத் தாண்டாமல் இருப்பதில்தான் லாபமே. தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு உள்ள மலிவு விலை மொத்தமாகப் போய்விடும். 2022 செப்டம்பர் கட்டண அட்டவணையில் 500 யூனிட்டுக்கு ரூ.1,725, 501 யூனிட்டுக்கு ரூ.1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். அதே அட்டவணையில் 560 யூனிட்டுக்கு ரூ.2,430, 433-க்கு ரூ.1,323. விலை அதன் பிறகு ஏறியிருப்பதால் உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றால்கூட மூன்றும் ஒன்றரை வருடத்துக்குள் காசை எடுத்துவிடும். ஒன்று கவனம்: பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியே ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனின் சர்க்யூட் சீக்கிரம் போய்விடும், எலெக்ட்ரீஷியன் பழியை கம்பெனி மேல் போடுவார்.

நாங்கள் நான்கு பேர் வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஒப்பந்தம் ஒருவர் பெயரில். ஒரு அறையில் மட்டும் ஏசி. கரண்ட் பில் 700 யூனிட், நான்காகப் பிரிப்பதில் தகராறு. ஒருவர் அடுத்த மாதம் போகிறார், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார். (ஐ.டி. ஊழியர், சென்னை)

பில்லை நான்காகப் பிரித்தது தவறு. ஏசிக்கு மட்டும் ஒரு சின்ன மின் அளவி மாட்டுங்கள், சில நூறு ரூபாய்தான். ஏசி 220 யூனிட் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். அது இல்லாவிட்டால் உங்கள் வீடு 480 யூனிட், 2022 அட்டவணைப்படி ரூ.1,605. ஏசியோடு 700 யூனிட், ரூ.3,650. ஆக ஏசியின் செலவு இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான ரூ.2,045. யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல் வருகிறது, ஏனென்றால் வீட்டையே மேல் படிக்குத் தள்ளியது அதுதான். ரூ.1,605-ஐ நான்கு பேரும், ரூ.2,045-ஐ ஏசி அறைக்காரர்கள் இருவரும் பகிர வேண்டும். சராசரி விலை போட்டு ஏசிக்காரர்களிடம் வாங்கினால் மற்ற இருவரும் அவர்களுக்கு மானியம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒப்பந்தம்தான் பெரிய ஓட்டை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய பேச்சு இதில் செல்லாது. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதும் கூடாது. இப்போது உங்கள் மூவரின் நிலை கிட்டத்தட்ட அதுதான். நால்வர் பெயரையும் போட்டுப் புதிதாக எழுதுங்கள். முன்பணம், வேறுவிதமாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். சென்னைப் பழக்கமான பத்து மாதத்தை நீங்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால் பிறகு புலம்பிப் பயனில்லை.

போகிறவருக்கு அட்வான்ஸை வீட்டுக்காரர் நடுவில் தர மாட்டார், புதிதாக வருபவர்தான் தர வேண்டும். அதனால் உங்களுக்குள் ஒரு தாளில் எழுதுங்கள்: யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார், போக 30 நாள் முன்னறிவிப்பு, ஆள் கிடைக்கும்வரை அல்லது இரண்டு மாதம், எது முந்தியோ அதுவரை போகிறவர் தன் பங்கு வாடகை தர வேண்டும், பெயின்ட்டுக்காக வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிக்கும் தொகை தங்கிய மாதக் கணக்கில். குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின் போன்றவற்றைப் பங்கு போட்டு வாங்காதீர்கள். ஒரு பொருள் ஒருவர் சொந்தம் என்றிருந்தால் பிரியும்போது அதை அறுக்க வேண்டியதில்லை.

செலவைக் குறைக்க எலிப்பொறிக் கட்டுச் சுவரும் (நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது), உள்ளே ஓடு பதித்த கான்கிரீட் கூரைத் தளமும் போடச் சொன்னேன். கொத்தனார் 'நிற்காது' என்கிறார். உண்மையில் மிச்சமாகுமா? (திண்டுக்கல் வாசகர்)

நிற்கும். சிக்கன வீடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970-களிலிருந்து கேரளத்தில் இந்த முறையில் எத்தனையோ வீடு கட்டினார். திருவனந்தபுரத்தில் உள்ளூர் (Ulloor) என்ற பகுதியில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள் அவர் கைவண்ணம்தான். கொத்தனாருக்குப் பழக்கமில்லை என்பதுதான் விஷயம்.

நம்மூர் 9 × 4¼ × 3 அங்குலக் கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில், மூன்று அங்குல முகம் கீழே இருக்கும்படி நிறுத்துகிறீர்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் மூன்று அங்குலப் பொந்து, அடுத்து இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒரு கல். 100 சதுர அடி ஒன்பது அங்குலச் சுவருக்கு வழக்கமான கட்டில் சுமார் 900 கல். இதில் சுமார் 725. கலவையும் குறையும். பொந்தில் உள்ள காற்று மேற்கு வெயிலை மெதுவாக்கும்.

தவறு நடப்பது இப்படி. கல் ஒரே அளவில் இல்லாவிட்டால் பொந்து கோணலாகும். சூளையிலேயே பொறுக்கி வாங்க வேண்டும், நாட்டுச் செங்கலில் சரிப்படாது. கலவையை அள்ளிக் கொட்டினால் பொந்து நிரம்பிவிடும், மிச்சமும் போய் குளிர்ச்சியும் போகும். ஒரு பலகையை நூலில் கட்டிப் பொந்தின் மேல் வைத்து, கல் வைத்ததும் தூக்கிவிடச் சொல்லுங்கள். பேஸ்மட்டத்து முதல் வரி, ஜன்னலுக்குக் கீழ் வரி, லிண்டல், கூரைக்கு அடியில் வரி, கதவு ஜன்னல் ஓரம், இங்கெல்லாம் பொந்தில்லாத கட்டு. கட்டிய பிறகு எலெக்ட்ரீஷியன் காடி வெட்டினால் கல் உடையும், பைப்பைக் கட்டும்போதே பொந்தில் இறக்குங்கள். கழிவறைச் சுவருக்கு இது வேண்டாம்.

தளத்தைப் பொறுத்தவரை கொத்தனார் பேச்சையும் எங்கள் பேச்சையும் கேட்காதீர்கள், பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும். தளத்தின் அடிப்பாகத்துக் கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, அங்கே கம்பிதான் வேலை செய்கிறது. அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்து நிரப்புவதுதான் இந்த முறை. கான்கிரீட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும், எடை குறைவதால் கம்பியும் குறையும். ஓடுகளை முதல்நாளே தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சி, அந்த இடம் சொத்தையாகும். கொட்டும்போது ஆள் மிதித்து ஓடு நகர்ந்தால் கம்பியை மூடப் போதிய கான்கிரீட் இருக்காது. மேலே பலகை போட்டு நடக்கட்டும். ஃபேன் கொக்கி ஓட்டுக்கு நடுவில் வராமல் கம்பி ஓடும் பட்டையில் வர வேண்டும். சன்ஷேடு, பால்கனி, கழிவறைத் தளம் மூன்றிலும் ஓடு கூடாது.

புதுக் கொத்தனாருக்குக் கூலி கொஞ்சம் அதிகமாகும். முதலில் பின்பக்கக் காம்பவுண்டில் பத்தடி கட்டிப் பழகச் சொல்லுங்கள்.

எட்டு வீடு, லிஃப்ட் இல்லை. பொது மின்சாரத்துக்கு சோலார் போட மானியம் உண்டாமே? (மதுரை, குடியிருப்போர் சங்கம்)

உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்கு கிலோவாட்டுக்கு ரூ.18,000. தனி வீட்டுக்குத்தான் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. ஆனால் முதலில் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை எச்.பி. மோட்டார் மூன்று மணி நேரம் ஓடினால் மூன்றேகால் யூனிட், படிக்கட்டு எல்.இ.டி. பத்து சேர்ந்து ஒரு யூனிட். நாளுக்கு நாலரை என்றால் இரண்டு மாதத்துக்கு 270 யூனிட், 2023 நவம்பர் கட்டணமான ரூ.5.50 வீதம் 1,500 ரூபாய்கூட இல்லை. எட்டு வீட்டுக்குப் பங்கிட்டால் மாதம் நூறு ரூபாய்க்கும் கீழே. இதற்கு சோலார் போட்டு முதலை எடுக்கப் பல வருடம் ஆகும். மோட்டாருக்கு நீர்மட்டத் தானியங்கியும் பிளஷ் தொட்டிகளின் ஒழுகலை நிறுத்துவதும் முதலில். மேல்மாடிக்காரர்கள் தங்கள் வீட்டு இணைப்புக்குப் போட விரும்பினால், கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். மாடி இடத்தை எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரித்த பிறகே ஒருவருக்கு அனுமதி கொடுங்கள்.

நான்கு நண்பர்கள் சேர்ந்து மனை வாங்கி, பில்டர் இல்லாமல் நான்கு ஃப்ளாட் கட்டலாமா? ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டுமா? (கோவை வாசகர்)

மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டால் அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டால் ரெரா பதிவு வேண்டாம். பில்டர் லாபம் மிச்சம், ஆனால் அவர் செய்த வேலையை உங்களில் ஒருவர் செய்ய வேண்டும். அவருக்குச் சம்பளம் போடுங்கள். ஓசியில் செய்பவர் ஆறாவது மாதம் கோபித்துக்கொள்வார். கூட்டுக் கணக்கில் பணம் முன்கூட்டியே விழ வேண்டும்: அஸ்திவாரம், ஒவ்வொரு தளம், பூச்சு என்று கட்டத்துக்குக் கட்டம், வேலை தொடங்குவதற்கு 15 நாள் முன். கட்டாதவருக்கு வட்டி எத்தனை, எத்தனை நாளில் அவர் பங்கு மற்றவர்களுக்குப் போகும் என்பதை மனை வாங்கும் நாளிலேயே எழுதுங்கள். வங்கிகள் நண்பர்களைக் கூட்டாகக் கடனாளியாக்கத் தயங்கும். அதனால் முதல் நாளிலேயே ஆளுக்கு நாலில் ஒரு பங்கு என்று தனித்தனிக் கிரயமாகப் பதிந்துகொள்ளுங்கள்.

அம்மா தனியாக இருக்கிறார். மூன்று படுக்கையறை வீடு. இரண்டு அறையை வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடலாமா? (திருச்சி வாசகி)

வாடகைதாரராக, பெயர் போட்டு ஒப்பந்தம் எழுதி விடலாம். கட்டில் கணக்கில் ஆள் சேர்த்து, சாப்பாடு போட்டு விடுதியாக நடத்தினால் 2014-ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆட்சியரின் உரிமம் வேண்டும். அம்மாவுக்குக் காசைவிடத் துணைதான் முக்கியம் என்றால் ஒரு அறை, ஒரு ஆள் போதும். சமையலறை நேரத்தையும் விருந்தாளி விஷயத்தையும் வாயால் பேசாமல் எழுதிவையுங்கள். குளியலறை தனியாக இருந்தால் பாதிச் சங்கடம் இல்லை.

'பசுமைக் கட்டடம்' என்று சொல்லிச் சதுர அடிக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (சோழிங்கநல்லூர் வாசகர்)

பட்டயத்தைப் பார்க்காதீர்கள், நான்கு கேள்வி கேளுங்கள். சுவர் எதில்? ஆறங்குல சாலிட் பிளாக் என்றால் பசுமை இல்லை; எட்டங்குல ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கல்) என்றால் வெப்பம் நன்றாகத் தடைபடும். மேல்தளத்துக்கு வெப்பத்தடுப்புப் பலகை எத்தனை மி.மீ.? சுவர், ஜன்னல் வழி வெப்பக் கணக்கான ஆர்.இ.டி.வி. எண் எவ்வளவு? ஈகோ நிவாஸ் சம்ஹிதாவின் வரம்பு 15. கணக்குத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். மேற்கு ஜன்னலுக்கு என்ன மறைப்பு? அங்கே இரண்டடி சன்ஷேடு உதவாது. நாலு மணி வெயில் தாழ்வாக, நேராக உள்ளே வரும். நின்ற வாக்கில் தடுப்போ வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ வேண்டும். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் மறைக்கிறீர்கள். இந்த நான்கில் இரண்டுக்குக்கூட எழுத்தில் பதில் வராவிட்டால் கூடுதல் காசு வேண்டாம்; அதே தொகுப்பில் வடக்கு அல்லது தெற்குப் பார்த்த, நடுத்தள வீட்டைக் கேளுங்கள்.